மகன் தோற்ற ஆட்டத்தை வீட்டில் எப்படித் திரும்பப் பார்ப்பது?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். மகனுக்கு 11 வயது, ஐந்தாம் ஆண்டு. தமிழ்ப்பள்ளி சதுரங்கக் குழுவில் அவன்தான் முதல் பலகை, அதாவது முதன்மை ஆட்டக்காரன். ஈப்போவில் நடந்த ஒரு திறந்த போட்டியில் ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் புள்ளி) 1,870 உள்ள பெரியவரோடு மூன்றரை மணி நேரம் ஆடித் தோற்றுவிட்டான். அவனுடைய ரேட்டிங் 1,460. "சமமாக முடியவேண்டிய ஆட்டம், ஒரே நகர்வில் போய்விட்டது என்று எல்லாரும் சொல்கிறார்கள். கம்ப்யூட்டரும் அதையேதான் காட்டுகிறது. பையன் பலகையைத் தொடமாட்டேன் என்கிறான். எனக்கும் அவன் அப்பாவுக்கும் சதுரங்கம் தெரியாது. பயிற்சியாளர் மாதம் இருமுறைதான் வருவார். இந்த ஆட்டத்திலிருந்து அவன் எதையாவது கற்றுக்கொள்ள நாங்கள் உதவ முடியுமா?" என்பது கேள்வி. நகர்வுகளை எழுதி வைக்கும் ஸ்கோர் ஷீட்டின் படத்தையும் அனுப்பியிருந்தார்.

தங்கச்சி, முடியும். சதுரங்கம் தெரியாத தாய் தகப்பனால் செய்ய முடிந்தது நீங்கள் நினைப்பதைவிட அதிகம். தம்பியின் ஸ்கோர் ஷீட்டைப் பலகையில் வைத்து இரண்டு தடவை ஆடிப் பார்த்தேன். முதல் தடவை கம்ப்யூட்டர் இல்லாமல், இரண்டாம் தடவை கம்ப்யூட்டரோடு. அந்த ஆட்டம் 57ஆவது நகர்வில் தோற்றது என்று எல்லாரும் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். தோல்வி கண்ணுக்குத் தெரிந்த இடம் அது. தொடங்கிய இடம் 22ஆவது நகர்வு என்று நான் நினைக்கிறேன். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. "பரவாயில்லைடா, அவர் பெரிய ஆள்தானே" என்று அவனிடம் சொல்லியிருந்தால், இனிமேல் சொல்லாதீர்கள். அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் பிள்ளையின் காதில் அது வேறு மாதிரி விழும். மூன்றரை மணி நேரம் அவன் தலையைக் கசக்கி ஆடியதற்கு அர்த்தமே இல்லை, உட்காரும்போதே முடிவு எழுதியாகிவிட்டது என்று அவன் எடுத்துக்கொள்வான். அடுத்த முறை பெரிய ஆள் எதிரே உட்கார்ந்தால் அந்த நினைப்போடுதான் முதல் காயைத் தொடுவான். "ஐயோ, சமமாகியிருக்க வேண்டியது" என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் அதே அளவு கெடுதல். அன்று ராத்திரி சோறு போட்டு, தூங்க வைத்தால் போதும். ஆட்டத்தைப் பற்றி அவனாகப் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் விட்டுவிடுங்கள். கிராண்ட்மாஸ்டர் பிரக்ஞானந்தாவின் அம்மா நாகலட்சுமி பிள்ளைகளோடு வெளிநாட்டுப் போட்டிகளுக்கும் கூடவே போய் வீட்டுச் சாப்பாடு சமைத்துக் கொடுப்பவர். மகன் என்ன தொடக்கம் ஆடவேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுப்பதில்லை. தோற்ற ராத்திரியில் ஒரு பிள்ளைக்கு அந்த ரசம் சோறுதான் வேண்டும்.

அப்புறம் ரேட்டிங் பயம். எவ்வளவு புள்ளி போய்விட்டது என்று கவலைப்பட்டு எழுதியிருந்தீர்கள். கணக்கைப் பார்த்தால் மனம் ஆறும். இருவருக்கும் வித்தியாசம் 410 புள்ளி. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் அட்டவணைப்படி, இந்த வித்தியாசத்தில் 100 ஆட்டம் ஆடினால் பலம் குறைந்தவருக்கு எதிர்பார்க்கப்படுவது 8 புள்ளிதான், அதாவது ஓர் ஆட்டத்துக்கு 0.08. 18 வயதுக்குட்பட்ட, 2,300க்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை 40ஆல் பெருக்குவார்கள். ஆகவே இந்தத் தோல்வியில் தம்பி இழந்தது 3.2 புள்ளி. சமமாகியிருந்தால் 16.8 கூடியிருக்கும், ஜெயித்திருந்தால் 36.8. பள்ளியில் தன்னைவிடப் பலம் குறைந்தவனிடம் தோற்றால் போவதோடு ஒப்பிட்டால், 3.2 ஒன்றுமே இல்லை. பலசாலியோடு ஆடக் கிடைக்கும் வாய்ப்பு இவ்வளவு மலிவு என்பதை அவனிடம் பேனாவும் தாளும் வைத்துப் போட்டுக் காட்டுங்கள். பெருக்கல் தெரிந்த பிள்ளைக்கு இது உடனே புரியும்.

இனி ஆட்டம். கட்டங்களின் பெயர் இப்படி: வெள்ளைக்காய் பக்கமிருந்து பார்த்தால் நெடுவரிசைகள் இடமிருந்து வலம் ஏ முதல் எச் வரை, குறுக்கு வரிசைகள் கீழிருந்து மேல் 1 முதல் 8 வரை. தம்பி கறுப்பு. 53ஆவது நகர்வில் இரு பக்கமும் ஒரு ராஜா, ஒரு யானை. எதிராளிக்கு மட்டும் இ5இல் ஒரு சிப்பாய் கூடுதல். அவர் தன் யானையைத் தம்பியின் யானைக்கு எதிரே சி6இல் கொண்டுவந்து வைத்தார். தம்பி வெட்டினான், அவர் ராஜாவால் திரும்ப வெட்டினார். இப்போது பலகையில் இரண்டு ராஜாக்களும் ஒரு வெள்ளைச் சிப்பாயும்தான். அடுத்து தம்பி ராஜாவை இ7க்குக் கொண்டுவந்ததும், டி7இல் எதிரே நின்றதும் மிகச் சரி. வேறு எது ஆடியிருந்தாலும் அங்கேயே தோற்றிருப்பான். 11 வயதில் இதைச் செய்தது சாதாரணம் இல்லை. இதை அவனிடம் கட்டாயம் சொல்லுங்கள், நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

பிறகு வெள்ளைச் சிப்பாய் இ6க்கு வந்தது. வெள்ளை ராஜா இ5, தம்பியின் ராஜா இ7, நகர்த்த வேண்டியது தம்பி. அவனுக்கு மூன்று கட்டங்கள்தான் இருந்தன: டி8, இ8, எஃப்8. நேராகப் பின்னால் இ8க்குப் போயிருந்தால் ஆட்டம் சமம். அவன் எஃப்8க்குப் போனான். வெள்ளை ராஜா எஃப்6க்கு வந்து நேருக்கு நேர் நின்றது. அவன் இ8க்குத் திரும்பினான், சிப்பாய் இ7. இனி அவன் ராஜாவுக்கு டி7 ஒன்றுதான் வழி. வெள்ளை ராஜா எஃப்7க்கு ஏறியதும் சிப்பாய் ராணி ஆவதை யாராலும் தடுக்க முடியாது. தம்பி தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்தான்.

கம்ப்யூட்டர் சிவப்புக் குறி போட்டது இந்த 57ஆவது நகர்வுக்கு மட்டும்தான். அது சொல்வது பொய் இல்லை. ஆனால் அது சொல்வது "இங்கே சமம், அடுத்ததில் தோல்வி" என்பதை மட்டும். 22 வரை நன்றாக ஆடிக்கொண்டிருந்த பையன் எப்படி ஒரு சிப்பாய் குறைவாக, கையில் ஒன்றரை நிமிடத்தோடு, இப்படி ஒரு கயிற்றின்மேல் நடக்கும் நிலைக்கு வந்தான் என்று அது சொல்லாது.

22ஆவது நகர்வைப் பாருங்கள். தம்பியின் குதிரை டி4இல், பலகையின் நடுவில், சி5 சிப்பாயின் பாதுகாப்பில் உட்கார்ந்திருக்கிறது. பலகையிலேயே நல்ல காய் அதுதான். எதிராளி ஒரு மந்திரியை இ3க்குக் கொண்டுவந்து வைத்தார். அவ்வளவுதான், மிரட்டல் ஒன்றும் இல்லை. அவர் அந்தக் குதிரையை வெட்டியிருந்தாலும் சி5 சிப்பாய் திரும்ப வெட்டி டி4இல் கனமாக உட்கார்ந்திருக்கும், தம்பியின் யானைக்கு சி வரிசை திறந்திருக்கும். தம்பி என்ன செய்தான்? அந்தக் குதிரையைக் கொடுத்து எஃப்3இல் இருந்த இன்னொரு மந்திரியை வாங்கினான். எதிராளி ஜி சிப்பாயால் திரும்ப வெட்டினார், ஜி வரிசை திறந்தது, அதுவரை மூலையில் தூங்கிக்கொண்டிருந்த வெள்ளை யானைக்கு வேலை கிடைத்தது. 26இல் ராணிகள் மாறின. 33இல் ஒரு ஜோடி யானைகள் மாறின. மூன்று தடவையும் மாற்றிக்கொள்ளக் கூப்பிட்டது எதிராளி, ஒப்புக்கொண்டது தம்பி. 41இல் அந்த ஜி வரிசை வழியாக வந்த யானைதான் சிப்பாயைத் தின்றது.

தம்பி ஸ்கோர் ஷீட்டின் ஓரத்தில் ஒவ்வொரு நகர்வுக்கும் மீதி நேரத்தை எழுதி வைத்திருக்கிறான். நல்ல பழக்கம், அவனுடைய பயிற்சியாளருக்கு நன்றி சொல்லவேண்டும். 21ஆவது நகர்வுக்கு 11 நிமிடம் யோசித்திருக்கிறான். 22ஆவதற்கு அரை நிமிடம்கூட இல்லை. எனக்கு அந்த அரை நிமிடம்தான் இந்த ஆட்டத்தின் கதை. அவன் யோசித்து மாற்றவில்லை, விடுதலை வேண்டி மாற்றியிருக்கிறான்.

இத்தனை வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததில், பலசாலியிடம் தோற்கும் ஆட்டங்களில் பெரும்பாலும் இதைத்தான் பார்த்திருக்கிறேன். "காய்கள் குறையக் குறைய ஆபத்து குறையும், எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் சமம்" என்று பிள்ளை நினைக்கிறது. நடப்பது நேர்மாறு. காய்கள் நிறைந்த நடு ஆட்டத்தில் குழப்பம் இருவருக்கும் பொது. அங்கே ஒரு 11 வயதுப் பையனின் கண்ணுக்குப் படும் தந்திரம் பெரியவரின் கண்ணுக்குத் தப்பலாம். காய்கள் குறைந்த இறுதி ஆட்டத்திலோ அறிவும் அனுபவமும்தான் பேசும். அந்தப் பெரியவர் ராஜா-சிப்பாய் நிலையை ஆயிரம் தடவை பார்த்திருப்பார், தம்பி ஒருவேளை பத்துத் தடவை. இருவருக்கும் இடைவெளி அதிகமாக இருக்கும் இடத்துக்குத் தம்பி தானாகவே நடந்து போயிருக்கிறான்.

இது பிள்ளைகளுக்கு மட்டும் வரும் குணம் என்று நினைக்காதீர்கள். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் இந்தியாவின் குகேஷும் அப்போதைய சாம்பியன் டிங் லிரெனும் ஆடிய உலகப் பட்டத்தின் 14ஆவது, கடைசி ஆட்டத்தைத் தம்பிக்குப் போட்டுக் காட்டுங்கள். அதுவரை 6.5க்கு 6.5, சமம். டிங்குக்கு வெள்ளைக்காய். அவர் காய்களை மாற்றி மாற்றி அமைதியாகச் சமம் செய்யப் பார்த்தார். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல், ஆனாலும் நிலை சமம்தான். 55ஆவது நகர்வில் டிங் யானையை எஃப்2இல் வைத்து யானைகளை மாற்றக் கூப்பிட்டார். யானைகள் மாறின, உடனே குகேஷ் மந்திரிகளையும் கட்டாயமாக மாற்ற வைத்தார், மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும். டிங் 58ஆவது நகர்வில் தோல்வியை ஒப்புக்கொண்டார். 18 வயதில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனது அந்த மாற்றத்தில்தான். உலகச் சாம்பியனாக உட்கார்ந்திருந்தவருக்கே களைப்பிலும் நெருக்கடியிலும் "மாற்றிவிட்டால் முடிந்துவிடும்" என்று தோன்றியிருக்கிறது. இதைத் தம்பி தெரிந்துகொண்டால், தனக்கு நடந்தது அவமானம் இல்லை, சதுரங்கத்தில் பழைய ஒரு பொறி என்று அவனுக்கே விளங்கும்.

மாற்றிக்கொள்ளவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 53இல் யானைகளை மாற்றியதில் தப்பே இல்லை, அது சமத்துக்குச் சரியான வழி. கேள்வி ஒன்றுதான்: மாற்றிய பிறகு மிஞ்சும் காய்களில் யாருடையது நல்ல காய்? 53இல் அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. 22இல் அவன் கேள்வியையே கேட்கவில்லை.

சரி, இனி நீங்கள் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். இரண்டு மூன்று நாள் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை போல ஓர் ஓய்வான நேரத்தில் பலகையை எடுத்து வைத்து, "எனக்கு ஒன்றும் தெரியாது, இந்த ஆட்டத்தில் என்ன நடந்தது என்று கதை மாதிரி சொல்" என்று கேளுங்கள். உங்களுக்குச் சதுரங்கம் தெரியாதது இங்கே பெரிய உதவி. பயிற்சியாளரிடம் பிள்ளை "அந்த வேரியேஷன், இந்த வேரியேஷன்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும். அம்மாவிடம் அப்படி முடியாது. "இந்தக் குதிரையை ஏன் கொடுத்தாய்?" என்று நீங்கள் அப்பாவியாகக் கேட்டால் அவன் உண்மையான காரணத்தைத் தேடித்தான் ஆகவேண்டும். "சும்மா" என்றோ "பயமாக இருந்தது" என்றோ சொல்வான். அந்தப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. திருத்தாதீர்கள், "ஏன் பயந்தாய்?" என்று அதட்டாதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நகர்வு எண்ணைப் போட்டு, பக்கத்தில் அவன் சொன்னதை அவன் கையாலேயே எழுத வையுங்கள். "22 - பயம், சீக்கிரம் மாற்றினேன்" என்ற ஒரு வரி போதும்.

எல்லா நகர்வுக்கும் எழுத வேண்டாம். எந்த இடத்தில் வயிற்றில் ஏதோ செய்தது, எந்த இடத்தில் தெரியாமலே கை போயிற்று, எந்த இடத்தில் சந்தோஷமாக இருந்தது என்று மூன்றே கேட்டால் போதும். சந்தோஷமாக இருந்த இடத்தைக் கட்டாயம் கேளுங்கள். தோற்ற ஆட்டத்திலும் நல்ல நகர்வுகள் உண்டு, அவை மறந்துபோனால் அடுத்த முறை கைக்கு வராது.

இது எழுதி முடிந்த பிறகுதான் கம்ப்யூட்டர். இதில் நான் பிடிவாதக்காரன். போட்டி முடிந்து காரில் ஏறியதுமே கைப்பேசியில் ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்கக் கருவியைத் திறந்து, எங்கே சிவப்பு என்று தேடும் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். சிவப்பைப் பார்த்தவுடன் மூளை ஓய்வெடுத்துக்கொள்ளும். தான் என்ன நினைத்தோம் என்பதே மறந்துபோகும். கருவி பலம் வாய்ந்ததுதான், உலகத்தில் எந்த மனிதரையும் அது ஜெயிக்கும். ஆனால் உங்கள் மகன் 22ஆவது நகர்வில் ஏன் அரை நிமிடம் மட்டும் யோசித்தான் என்று அதனிடம் கேட்க முடியாது. 22இல் அது காட்டிய வித்தியாசம் மிகச் சிறியது, பார்க்கிறவர் கடந்து போய்விடுவார். மிகைல் போட்வின்னிக்கை உலகச் சாம்பியன் ஆக்கியதில் பெரிய பங்கு தன் ஆட்டங்களைத் தானே ஈவு இரக்கமின்றி ஆராயும் பழக்கத்துக்கு உண்டு. 1960இல் மிகைல் தால் என்பவரிடம் பட்டத்தைத் தோற்று, 1961இல் அவரிடமிருந்தே திரும்ப வாங்கினார். அவர் காலத்தில் கருவி கிடையாது. நோட்டுப் புத்தகம் இருந்தது.

கருவியைவிட நல்ல ஆசிரியர் ஒருவர் அன்று தம்பிக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, ஆட்டம் முடிந்ததும் பையன் ஓடிவந்துவிட்டான் போலிருக்கிறது. நானும் அப்படி ஓடியவன்தான். எங்கள் அப்பா அம்மா இருவரும் பால்மரம் வெட்டினவர்கள். தோட்டத்து லயத்தில் எங்களிடம் இருந்த சதுரங்கத்தில் இரண்டு சிப்பாய்கள் காணாமல் போய், அந்த இடத்தில் ரப்பர் கொட்டை வைத்து ஆடுவோம். படிவம் 2 படிக்கும்போது டவுனில் ஒரு போட்டியில் வயதான ஒரு சீனப் பெரியவரிடம் தோற்றேன். எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். அவர் என்னைத் தேடிக்கொண்டு வந்து, "மாரி, துடுக்" (வா, உட்கார்) என்று கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காப்பிக்கடையில் உட்கார வைத்தார். மைலோ வாங்கிக் கொடுத்து, பலகையை விரித்தார். தான் யானையை ஓர் இடத்தில் வைத்ததைக் காட்டி, "அப்போது நீ என்ன நினைத்தாய்?" என்று கேட்டார். பயந்தேன் என்றேன். அவர் என் குதிரையைத் தொட்டு, அந்த நேரத்தில் இதைப் பார்த்து நான் பயந்துகொண்டிருந்தேன் என்றார். அதை அவர் சொல்லும்வரை, எதிரே இருப்பவருக்கும் பயம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஆகவே அடுத்த போட்டிக்குப் போகுமுன் தம்பிக்கு ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுங்கள்: "அங்கிள், போலே தெங்கோக் பாலிக் சமா-சமா?" சேர்ந்து திரும்பப் பார்க்கலாமா என்று மரியாதையாகக் கேட்டால், பலமான ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் சந்தோஷமாக உட்காருவார்கள். போட்டிக் கூடத்துக்குள் பேசக்கூடாது, வெளியே போய் உட்கார வேண்டும். கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே: "எந்த இடத்தில் உங்களுக்கு ஆட்டம் நன்றாக இருக்கிறது என்று தோன்றியது?" "எந்த இடத்தில் கவலையாக இருந்தது?" ஈப்போ உங்களுக்கு 30 கிலோமீட்டர் தூரம்தான், அந்தப் பெரியவரை அடுத்த போட்டியில் பார்க்க வாய்ப்பு உண்டு. ஸ்கோர் ஷீட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். இந்த ஆட்டத்தைப் பற்றியே கேட்கலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

57ஆவது நகர்வுக்கான மருந்து வீட்டிலேயே இருக்கிறது, நீங்களே கொடுக்கலாம். பலகையில் மூன்று காய்கள் மட்டும் வையுங்கள்: வெள்ளை ராஜா இ5, வெள்ளைச் சிப்பாய் இ6, கறுப்பு ராஜா இ7. நீங்கள் வெள்ளை, அவன் கறுப்பு, முதல் நகர்வு அவனுடையது. அவன் இ8க்கு நேராகப் பின்வாங்க வேண்டும். அப்புறம் உங்கள் ராஜா டி6க்குப் போனால் அவன் டி8, நீங்கள் எஃப்6க்குப் போனால் அவன் எஃப்8. அதாவது எப்போதும் உங்கள் ராஜாவுக்கு நேர் எதிரே, நடுவில் ஒரு கட்டம் விட்டு நிற்பான். இதைத்தான் ஆப்போசிஷன் என்கிறார்கள். அதற்குப் பிறகு நீங்கள் சிப்பாயை இ7க்குத் தள்ளினால் அவன் இ8க்கு வருவான். நீங்கள் ராஜாவை இ6க்குக் கொண்டுவந்து சிப்பாயைக் காத்தால் அவனுக்கு நகர இடமே இருக்காது, ஆட்டம் ஸ்டேல்மேட், சமம். காக்காவிட்டால் சிப்பாயை வெட்டிவிடுவான், அதுவும் சமம். இவ்வளவுதான் நீங்கள் கற்க வேண்டியது, பத்து நிமிடத்தில் வந்துவிடும்.

தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து தடவை ஆடுங்கள். அவனுக்குச் சலித்ததும் காய்களை மாற்றி, அவன் வெள்ளை, நீங்கள் கறுப்பு. நீங்கள் வேண்டுமென்றே பக்கவாட்டில் போய்ப் பாருங்கள், அவன் ஜெயிக்கக் கற்றுக்கொள்வான். பிறகு சிப்பாயை இரண்டு கட்டம் பின்னால் வைத்து ஆடுங்கள், அப்போது ராஜா சிப்பாய்க்கு முன்னால் போக வேண்டும் என்பது தானாகப் புரியும். மில்லில் ஷிப்ட் முடிந்து அவன் அப்பா வந்தால் அவரும் ஒரு கை ஆடட்டும். லீசெஸ் தளத்தில் இதே ராஜா-சிப்பாய் நிலைகளுக்குத் தனிப் பயிற்சிப் பகுதி இருக்கிறது, காசு கிடையாது, விளம்பரமும் கிடையாது. ஆனால் முதல் இரண்டு வாரம் மரப்பலகையிலேயே, உங்களோடு ஆடட்டும். கையில் ஒன்றரை நிமிடம் இருக்கும்போது யோசித்துக் கண்டுபிடிக்க நேரம் கிடைக்காது. கை அதுவாக நேரே பின்னால் போக வேண்டும். அது நூறு தடவை செய்தால்தான் வரும்.

ஒரே ஆட்டத்திலிருந்து எல்லாவற்றையும் கறந்துவிடப் பார்க்காதீர்கள். தொடக்கத்தில் எட்டாவது நகர்வில் ஒரு சின்னக் குறை இருந்தது, 37இல் வேறு நல்ல நகர்வு இருந்தது. நான் வேண்டுமென்றே அவற்றை விளக்கவில்லை. அப்பா எனக்குப் பால் வெட்டக் கற்றுக்கொடுத்தபோது, கத்தியை ஆழமாக விட்டாலே கையில் தட்டுவார். பட்டையில் மெல்லிய ஒரு சீவல்தான் எடுக்க வேண்டும். அதிகப் பால் வரும் என்று ஆழமாக வெட்டினால் உள்ளே மரம் காயப்படும், அந்த இடத்தில் பட்டை கரடுமுரடாக வளர்ந்து பிறகு வெட்டவே முடியாது. இந்த ஆட்டத்துக்கு இரண்டு சீவல் போதும்: மாற்றுமுன் மிஞ்சுவதைப் பார்ப்பது, ராஜா நேராகப் பின்வாங்குவது.

பலகையைத் தொடமாட்டேன் என்பதற்கு வருகிறேன். கட்டாயப்படுத்தாதீர்கள், அடுத்த போட்டிக்கு இப்போதே பெயர் கொடுக்காதீர்கள். ராஜா-சிப்பாய் விளையாட்டை அம்மாவோடு ஆடுவது அவனுக்குப் "போட்டி" மாதிரித் தெரியாது, அதனால் அதிலிருந்து தொடங்குங்கள். உங்களுக்குக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் அவனை உட்கார வையுங்கள், பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். இரண்டு மூன்று வாரத்தில் மாறாவிட்டால் மறுபடி எழுதுங்கள். அப்போது காரணம் இந்த ஆட்டமாக இருக்காது. பள்ளியில் யாராவது எதையாவது சொல்லியிருக்கலாம்.

அவனுக்குச் சொல்ல இன்னொரு செய்தியும் இருக்கிறது. 2024 ஏப்ரலில் டொராண்டோவில், உலகச் சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டி நடந்தபோது குகேஷுக்கு 17 வயது. ஏழாவது சுற்றில், பாதி வழியில், நேர நெருக்கடியில் அலிரேசா ஃபிரூஜாவிடம் தோற்றார். வலித்த தோல்விதான். ஆனால் அந்தத் தோல்விக்குப் பிந்திய ஓய்வு நாளில்தான் இந்தப் போட்டியைத் தன்னால் வெல்ல முடியும் என்ற உணர்வு வந்ததாக அவரே பிறகு சொல்லியிருக்கிறார். மீதி ஏழு சுற்றில் ஒன்றுகூடத் தோற்காமல் 14 சுற்றில் 9 புள்ளியோடு முதலிடம் பிடித்தார். உலகப் பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்திலும் அவர் வெள்ளைக்காயோடு தோற்றார், மூன்றாவதில் திருப்பிக் கொடுத்தார். இதைச் சொல்லிவிட்டு, "நீயும் குகேஷ் மாதிரி ஆகவேண்டும்" என்று சேர்க்காதீர்கள். கதையை மட்டும் சொல்லி விட்டுவிடுங்கள்.

பள்ளிகளுக்கான எம்.எஸ்.எஸ்.டி. (மாவட்டப் பள்ளி விளையாட்டு மன்றம்) போட்டி கோலகங்சார் மாவட்டத்தில் அடுத்து வரும்போது அவன் ஆடட்டும். அங்கே பெரும்பாலும் அவனுக்குச் சமமானவர்களும் குறைந்தவர்களும் இருப்பார்கள், நம்பிக்கை திரும்பும். ஆனால் அதோடு நிறுத்தாமல், மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது ஈப்போவில் பெரியவர்கள் ஆடும் திறந்த போட்டிக்கு அழைத்துப் போங்கள். டவுனில் தினமும் ஆடும் அதே நாலைந்து நண்பர்களை ஜெயித்துக்கொண்டே இருந்தால் 22ஆவது நகர்வு மாதிரியான தவறுகள் வெளியே வராது. நண்பர்கள் தண்டிக்க மாட்டார்கள், அவர் தண்டித்தார்.

இன்னொன்று, தங்கச்சி. நீங்கள் அனுப்பிய படத்தில் 41க்குப் பிறகு எழுத்து மங்கலாக இருந்ததால் இரண்டு நகர்வுகளை ஊகித்துத்தான் ஆடினேன். தம்பி மறுபடி பலகையைத் தொடுகிற நாளில், அந்த இரண்டையும் அவனே பார்த்துச் சரியாக எழுதி, "22 - பயம்" என்று எழுதிய அந்தப் பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.